எத்தனை குப்பி போதும்?

கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல நேரங்களில் தடமே தெரியாது. வீக்கம் இல்லை, வலியும் இல்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் நள்ளிரவுக்கு மேல் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டில் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். விடிவதற்குள் இரண்டு இமைகளும் இறங்கிவிடும். அடுத்து எச்சில் விழுங்க முடியாமல் போகும். அதற்கும் அடுத்தது மூச்சு.

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கடலைக் கொல்லையில் கண்ணாடி விரியன் கிடக்கும். கல்லும் முள்ளுமான மேட்டு நிலத்தில் சுருட்டை விரியன். வீட்டோரத்து எலி வளைகளைத் தேடி நல்ல பாம்பு வரும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆலங்காயம் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் இன்றும் இந்தப் பக்கத்து ஜனங்கள் வாயில் முதலில் வருவது வேலூர்தான். காவலூர் வானாய்வகத்தைத் தாண்டி ஜமுனாமரத்தூர் வரை மேலே ஏறும் மலைச்சாலையில், சாமையும் புளியும் பலாவும் விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்த வேலூர் இன்னும் பல மணி நேரம் தள்ளி இருக்கிறது.

இப்படி வருகிற ஒருவரை முதலில் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ இரவுப் பணியில் இருக்கும் டியூட்டி டாக்டர். பெரும்பாலும் இளம் வயது. உடன் ஒரு செவிலியர். இவர்களிடம் ஸ்கேன் இல்லை, ரத்த உறைவை அளக்கும் எந்திரம் இல்லை. ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ஃபிரிஜ்ஜிலோ அலமாரியிலோ விஷமுறிவு மருந்துக் குப்பிகள் இருக்கின்றன. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை ஒன்று சுவரில் தொங்குகிறது. சான்று சார்ந்த மருத்துவம் என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது இந்த மூன்று பொருள்களிடம் வந்து நின்று என்ன சொல்கிறது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

கண்ணாடிக் குழாயிலிருந்து தொடங்கலாம். கடிபட்டவரின் ரத்தம் இரண்டு மில்லியை எடுத்து, புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விரியன் விஷம் உடம்பில் ஏறி, ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். ஆங்கிலேய மருத்துவர் டேவிட் வாரலும் அவரது குழுவினரும் 1970களில் நைஜீரியாவில் வேலை செய்தபோது நிலைநிறுத்திய பரிசோதனை இது. பைசாச் செலவில்லாதது. ஆனால் பிளாஸ்டிக் குழாயில் செய்தால் பொய் சொல்லும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பு, சோப்பு அதைக் கெடுத்துவிடுகிறது. இலங்கையில் இந்தப் பரிசோதனையை ஆய்வகக் கருவிகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அது மோசமாகத் தவறியது. குழாயின் தன்மை, ரத்தத்தின் அளவு, நேரம் மூன்றையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிற்காலத்து ஆய்வில் அதே பரிசோதனை நன்றாகத் தேறியது. ஆகவே ஆலங்காயம் போன்ற ஓர் ஊரில் ஒரு பெட்டி புதுக் கண்ணாடிக் குழாய் தீராமல் இருப்பதே உயர்ந்த தர மருத்துவம்.

அடுத்தது குப்பி. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கான விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாடெங்கும் பாம்புக்கடியில் பிழைக்கும் ஒவ்வொருவரும் இருளர்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டவர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

எத்தனை குப்பி போட வேண்டும்? வெகு காலம் இதற்கு விடை, மருந்து எவ்வளவு கையிருப்பில் இருக்கிறதோ அவ்வளவு என்பதாகவோ, அந்தந்தப் பெரிய டாக்டரின் வழக்கமாகவோ இருந்தது. சில இடங்களில் நாற்பது ஐம்பது குப்பிகள் வரை ஏற்றினார்கள். விஷம் அதிகம், ஆகவே மருந்தும் அதிகம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் குதிரைப் புரதம் எளிய பொருள் அல்ல. உடம்பு தடித்து, மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் விழுந்து, பாம்பிடம் தப்பியவர் மருந்திடம் மாட்டிக்கொள்ளலாம். செலவு வேறு.

1985இல் கேரளத்து மருத்துவர்கள் இருவர் விரியன் கடிக்குக் குறைந்த அளவு மருந்து போதுமா என்று சோதித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 1999இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், விஷம் உடம்பில் பரவிய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதிக அளவும் மற்றொரு பிரிவுக்குக் குறைந்த அளவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிகம் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதல்ல. உலகப் பத்திரிகைகள் எதுவும் பரபரப்பாகப் பேசவில்லை. ஆனாலும் கடன் வாங்கிய பணத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, பாதி மருந்தில் அதே உயிர் கிடைக்கும் என்பதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு அரிது.

இன்று தேசிய நெறிமுறை பத்துக் குப்பியில் தொடங்கச் சொல்கிறது. கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம் என்ற அளவீட்டிலிருந்து போட்ட கணக்கு அது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஆகவே பெரியவருக்குப் பத்து என்றால் மூன்று வயதுக் குழந்தைக்கும் பத்துதான். இதைக் கேட்டுப் பதறாத பெற்றோர் இல்லை. சில நேரம் செவிலியரும் தயங்குவார்கள். பத்து ஏற்றிய பிறகு வருவது இன்னும் கடினமான கட்டளை: ஆறு மணி நேரம் பொறு. விஷத்தை முறித்த பின்னும், தீர்ந்துபோன உறைபொருள்களைக் கல்லீரல் புதிதாகச் செய்து தர ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். அதற்குமுன் குழாயைச் சாய்த்துப் பார்த்து, ரத்தம் உறையவில்லை என்று அடுத்த பத்தைத் தொங்கவிட்டால், கல்லீரலின் நேரத்தை மருந்தின் தோல்வியாக எண்ணிவிட்டோம் என்றாகும். வெளியே உறவினர்கள் கூட்டம், உள்ளே ஈறில் ரத்தம் கசியும் நோயாளி. நடுவே ஆறு மணி நேரம் பொறுத்திருக்க ஒரு டாக்டருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? தனக்கு முன்னால் யாரோ எண்ணிப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்ற ஒன்றிலிருந்துதான்.

ஒவ்வாமை விஷயத்திலும் இப்படித்தான். முன்பெல்லாம் விஷமுறிவு மருந்தைத் தோலில் சிறு துளி ஏற்றிப் பார்த்துவிட்டு, தடிக்கவில்லை என்றால் முழு அளவு கொடுப்பார்கள். 1986இல் மலாசித், வாரல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அந்தத் துளிச் சோதனை யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை என்று காட்டியது. இருந்தும் பல ஆண்டுகள் வரை அது நம் மருத்துவமனைகளில் தொடர்ந்தது. இன்னொரு பழக்கம், ஏவில், எஃப்கார்லின் என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் இரட்டை ஊசி. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும்போதே கை தானாக அந்த இரண்டையும் உடைக்கும். ஆசித டி சில்வா தலைமையில் இலங்கை மருத்துவர்கள் 1,007 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. குறைந்த அளவு அட்ரினலின் ஊசியைத் தோலுக்கடியில் முன்கூட்டியே போட்டால் முதல் ஒரு மணி நேரத்தின் கடுமையான ஒவ்வாமைகள் 43 சதவீதம் குறைந்தன. எஃப்கார்லினில் உள்ள ஹைட்ரோகார்ட்டிசோனோ, ஏவிலின் இனத்தைச் சேர்ந்த புரோமெதசினோ எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. இதயத்துக்கு ஆபத்து என்று பலரும் அஞ்சி ஒதுக்கிய மருந்து காப்பாற்றியது. யாரும் அஞ்சாத இரண்டும் சும்மா இருந்தன.

அவசர சிகிச்சைப் பிரிவில் எதையாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். அது அக்கறையின் பரபரப்பு. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளின் பெரிய ஆய்வுகளில் பல, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியவை. தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பது உலகெங்கும் நெடுங்கால வழக்கம். 2004இல் க்ராஷ் ஆய்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எண்ணி முடித்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. அதற்குமுன் எத்தனை பேர் அந்த ஊசியால் இறந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு சாவும் விபத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கேத்ரின் மெய்ட்லண்ட் குழுவினர் நடத்திய ஆய்வு இன்னும் கலங்க வைப்பது. கடுங்காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகள். பணக்கார நாடுகளின் பாடப்புத்தகங்கள் சொன்னபடி வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் பத்தரை சதவீதத்தையொட்டி. அப்படி வேகமாக ஏற்றப்படாதவர்களில் 7.3. தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் பின்னால் நிற்கும் ஊரில் சரியாக இருப்பது, அவை இல்லாத ஊரில் கொல்லக்கூடும். லண்டனில் எழுதப்பட்ட நெறிமுறையை ஆலங்காயத்தில் அப்படியே ஒட்ட முடியாது என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டாம். அதேசமயம், எங்கள் ஊருக்கு எங்கள் அனுபவமே போதும் என்று சொல்லவும் இந்த ஆய்வு இடம் தரவில்லை. மெய்ட்லண்ட் குழுவும் தங்கள் அனுபவத்தை நம்பி நின்றுவிடாமல் எண்ணித்தான் பார்த்தார்கள்.

வேலூர் இப்படி எண்ணிப் பார்த்த இன்னொரு கதை பூச்சிமருந்து.

தற்கொலைக்காகக் குடிக்கப்படும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் துடைத்தெடுக்கும் நொதி முடங்கிவிடும். செய்தி துடைக்கப்படாமல் தேங்கும். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், நெஞ்சில் சளி, தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்தல். முதல் மருந்து அட்ரோபின். அதன் பயனில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது மருந்து வார்டுகளில் பி.ஏ.எம். என்று சொல்லப்படும் பிராலிடாக்சிம். முடங்கிய நொதியை மீட்டு எழுப்புவது அதன் வேலை. 1950களில் உருவான மருந்து, ஜப்பானில் பாரத்தியான் நஞ்சேறியவர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள், பாடப்புத்தகங்களில் ஏறியது, உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் வாதம் பழுதற்றது. பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, திறக்க வேண்டியதுதானே?

ஆனால் தெற்காசிய வார்டுகளில் நோய் புத்தகத்தின்படி நடக்கவில்லை. 1974இலேயே புனேயில் ஆர்.எஸ். வாடியாவும் உடன் பணிபுரிந்தவர்களும், முதல் நெருக்கடி தீர்ந்த பிறகும் சிலருக்குத் தசைகள் செயலிழப்பதையும் அதற்கு அட்ரோபின் உதவாததையும் எழுதினார்கள். 1987இல் இலங்கையின் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் பத்து நோயாளிகளை விவரித்து இதை இடைநிலை நோய்க்குறி என்று தனியாக அடையாளம் காட்டினார்கள். தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடிகிறதா என்று படுக்கையருகே நின்று கேட்டுப் பார்த்ததில் கிடைத்த அறிவு அது. இன்றைக்கும் எந்த வார்டிலும், கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் மூச்சு ஓயப் போவதற்கான முதல் எச்சரிக்கை.

வேலூர் மருத்துவர்கள் பி.ஏ.எம். மருந்தின் மேல் கேள்வி வைத்தார்கள். 1996இல் 72 நோயாளிகளிடம் ஒரே ஒரு கிராமையும், பன்னிரண்டு கிராம் தொடர் ஏற்றத்தையும் ஒப்பிட்டார்கள். அதிகம் பெற்றவர்கள் மேலாக இல்லை. 1997இல் இன்னும் துணிந்து, 110 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு மருந்தில்லாத திரவமும் கொடுத்தார்கள். எது எவருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களில் 29 சதவீதம் இறந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லிவிடத் தோன்றும். விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. வேலூர் ஆய்வு சிறியது, மருந்து கொடுத்த முறை சரியில்லை, நோயாளிகள் தாமதமாக வந்தார்கள் என்று எதிர்வாதங்கள் எழுந்தன. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து 200 நோயாளிகளின் ஆய்வு லான்செட்டில் வந்தது: அங்கே அதிக அளவு தொடர்ந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 1 சதவீதம், குறைவாகப் பெற்றவர்களில் 8. நேர் எதிர். 2009இல் மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை மருத்துவர்களும் 235 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவையே சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 24.8 சதவீதமும் பெறாதவர்களில் 15.8 சதவீதமும் இறந்தார்கள். நொதி மீண்டது, ஆள் மீளவில்லை. எண்ணிக்கை போதாததால் தீங்கு என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. அறிவியல் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடும், கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றே நின்றது.

முரண்பாட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படுபவற்றுள் ஒன்று வேதியியல். பூச்சிமருந்து நொதியோடு முதலில் தளர்வாகப் பிணைகிறது. சில மணி நேரத்தில் பிணைப்பு முற்றி இறுகிவிடுகிறது. இறுகியபின் எந்த மருந்தாலும் அதை அவிழ்க்க முடியாது. டைமெத்தில் வகைப் பூச்சிமருந்துகளில் பாதி நொதி இறுகுவதற்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவே ஆகிறது. டைஎத்தில் வகையில் ஒரு நாளுக்கும் மேல். 1950களின் ஜப்பானிய வெற்றிக்குக் காரணமான பாரத்தியான் இரண்டாம் வகை. மலையிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து வந்து சேரும் ஒருவரிடம் முதல் வகை இருந்தால், சாவி வந்து சேரும்போது பூட்டு துருப்பிடித்திருக்கும். பாராமதியில் நோயாளிகள் விரைவாக வந்தார்கள், தீவிர சிகிச்சையும் நல்ல தரத்தில் கிடைத்தது. ஆக, ஒரு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்குள் சாலையும் அடங்கியிருக்கிறது.

வேலூர் மருத்துவர்களைப் பாராட்ட வேண்டியது, கிடைத்த விடைக்காக அல்ல. உலகமே பரிந்துரைக்கும் மருந்தை, தங்கள் வார்டில் தாங்கள் கண்டது வேறு என்பதற்காகச் சோதனைக்கு உட்படுத்திய நேர்மைக்காக. அந்த மருத்துவமனையிலேயே பிற்பாடு பிரதாப் தர்யன் தலைமையில் தெற்காசியக் காக்ரேன் மையம் இயங்கியது தற்செயல் போலத் தோன்றவில்லை. காக்ரேன் அமைப்புக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன் இரண்டாம் உலகப் போரில் கைதியாகப் பிடிபட்டு, கிரேக்க நாட்டின் சலோனிகா முகாமில் ஆயிரக்கணக்கான சக கைதிகளுக்குக் கிட்டத்தட்ட மருந்தே இல்லாமல் வைத்தியம் பார்த்தவர். பலர் சாவார்கள் என்று அஞ்சியிருக்க, மிகச் சிலரே இறந்தார்கள். நாம் செய்வதில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்ற அவருடைய வாழ்நாள் கேள்வி அந்த முகாமில் முளைத்தது. வசதியற்ற இடத்தில் பிறந்த கேள்வி வசதியற்ற இடங்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

மருத்துவமனைக்கு உள்ளே நடந்த இத்தனை ஆய்வுகளையும்விட அதிக உயிரைக் காத்தது வெளியே எடுத்த ஒரு நடவடிக்கை. இலங்கை 1995இல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளை நிறுத்தியது, 1998இல் எண்டோசல்ஃபானை, 2008 முதல் 2011க்குள் பாராக்குவாட்டையும் வேறு இரண்டையும். லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2015இல் 17ஐ ஒட்டி வந்தது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. இதற்கு நேர்மாறாக, நல்லெண்ணத்தோடு செய்த இன்னொரு முயற்சி பலிக்கவில்லை. பூச்சிமருந்தை வீட்டில் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்தால் அவசரத்தில் கை நீளாது என்ற யோசனை எவருக்கும் நியாயமாகப் படும். இலங்கையில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உட்படுத்திச் சோதித்து 2017இல் முடிவு வெளியானபோது, பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் லட்சுமி விஜயகுமார் கடலூர் மாவட்டத்தில் முயன்றது வேறு வழி: வீட்டிலேயே வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டறைகள், சாவி உரியவரிடம். அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்ப்பது இன்னும் மிச்சமிருக்கும் வேலை.

இதன் அவசரத்தை அறிய வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தின் கணக்கு போதும். 1992 முதல் 2001 வரை அங்கே 10 முதல் 19 வயதுப் பெண்களிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148. ஆண்பிள்ளைகளில் 58. அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கும் மேல் இதனாலேயே. காவல் நிலையப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எப்படி இறந்தார் என்று உற்றாரிடம் கேட்டுப் பதிந்ததால் கிடைத்தது.

பாம்புக்கடிக்கும் இதே முறைதான் உண்மையை வெளிக்கொண்டு வந்தது. பத்து லட்சம் மரணங்களை ஆராயும் திட்டத்தின் வழியாக 2011இல் வெளியான மதிப்பீடு: 2005இல் மட்டும் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 45,900 பேர். மருத்துவமனைகள் அறிவித்த எண்ணைவிட முப்பது மடங்குக்கும் மேல். காரணம் எளிது: இறந்தவர்களில் 23 சதவீதத்தினரே ஏதேனும் ஒரு மருத்துவமனையில் இறந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலோ வழியிலோ மந்திரிப்பவரின் திண்ணையிலோ இறந்தார்கள். 2020இல் வந்த தொடர் மதிப்பீடு இருபது ஆண்டுகளில் பன்னிரண்டு லட்சம் சாவு என்றது.

குப்பிகளைப் பற்றிய எல்லா ஆய்வுகளும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு செய்யப்பட்டவை. வராதவர்களைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லையைச் சேர்ந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவே தாமதமானது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து மலையேறினார். அந்தப் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தக் குழந்தைக்குப் பத்துக் குப்பி போதுமா, ஆறு போதுமா என்ற கேள்வி எழவே இல்லை.

எனவே ஆலங்காயம் வட்டாரத்துக்கு வேண்டிய சான்றைத் தேடும் இடம் வார்டிலிருந்து வழிக்கு மாறியாக வேண்டும். கட்டுவிரியனுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அனுராதபுரத்தில் அஞ்சன சில்வாவும் பிறரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், விஷமுறிவு மருந்து ரத்தத்திலிருந்த விஷத்தை முழுமையாகக் கட்டிப்போட்ட பின்னும் தசைகள் செயலிழப்பது நிற்கவில்லை. நரம்பு முனைகள் அதற்குள் சேதமாகிவிடுகின்றன. மீண்டும் வளர நாள் பிடிக்கும். அதுவரை யாராவது மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் முழுமையாகப் பிழைப்பார். வென்டிலேட்டர் இருக்கும் இடம் வரை அந்த மூச்சைக் கொடுப்பது சுவரில் தொங்கும் ஆம்பு பை. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒரு கை அழுத்தம், ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, வளைவுச் சாலையில் குலுங்கும் வண்டிக்குள். 2008 முதல் ஓடும் நூற்றியெட்டு வண்டியின் பணியாளர்கள் இதைச் செய்கிறார்கள். எவ்வளவு பேருக்கு, எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம், எந்த முடிவோடு என்பதை எந்த ஆய்விதழும் பெரிதாகக் கேட்டதில்லை. பி.ஏ.எம். பற்றிக் கேட்ட அதே கூர்மையோடு இதையும் கேட்க வேண்டும்: முதல் பத்துக் குப்பியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்றிவிட்டு அனுப்பியவர்களுக்கும், பயந்து வெறுமனே வேலூருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் என்ன வேறுபாடு? மலை ஊர்களில் இரண்டு இளைஞர்களுக்கு ஆம்பு பை பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் எத்தனை பேர் அடிவாரம் வரை உயிரோடு வருவார்கள்? தரைப் படுக்கைக்குப் பதில் கட்டிலும் கொசுவலையும் கொடுத்தால் கட்டுவிரியன் கடி குறையுமா?

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2030க்குள் சாவைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் ஒவ்வொரு சாவையும் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் படிவத்தை நிரப்பப்போவது இரவுப் பணி முடித்துத் தூக்கம் சொக்கும் டாக்டரோ செவிலியரோதான். கடித்த நேரம், கடித்த ஊர், நடந்து வந்தாரா தூக்கி வந்தார்களா, வாசலை அடைந்த நேரம், குழாயில் ரத்தம் உறைந்ததா, முதல் குப்பி ஏறிய நேரம் ஆகிய ஆறு விவரங்களை ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஜமுனாமரத்தூர் மருத்துவமனைகளில் மூன்று ஆண்டுகள் விடாமல் எழுதினால், ஜவ்வாது மலையின் எந்தச் சரிவிலிருந்து வருகிறவர்கள் இறக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வர முடியாமல் போனவர்களுக்கு, கணியம்பாடியில் செய்ததுபோல் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.